பித்தளை விளக்கின் இடுக்கில் படிந்த பழைய பாலிஷை எடுப்பது எப்படி?

குத்துவிளக்கின் வளையங்களுக்கு நடுவே வெள்ளையாகவோ பச்சையாகவோ இறுகிக் கிடக்கிறதே, அதுதான் பழைய பாலிஷ் கசடு. கடையில் வாங்கும் திரவ பாலிஷ் பெரும்பாலும் மிக நுண்ணிய தேய்ப்புப் பொடியும் அதைக் கரையாமல் கலந்து வைத்திருக்கும் எண்ணெய் வகைத் திரவமும்தான். அரிசி மாவைக் கரைத்துப் போடும் மாக்கோலம் மாதிரி, ஈரம் போனதும் பொடி, மிச்ச எண்ணெய்ப் பசையோடு அப்பிக்கொள்ளும். துணி நுழையாத இடத்தில் வருடக்கணக்கில் சேர்ந்துவிடும்.

புளி போட்டுத் தேய்த்தால் போகாதா என்றால், போகாது. புளியின் அமிலம் கறுப்பைக் கரைக்கும், இந்தப் பொடியைக் கரைக்காது. பொடியைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய்ப் பசை, அதனால் அதைத்தான் முதலில் இளக்க வேண்டும். கொஞ்சம் மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தடவி (அடுப்பு, விளக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்) கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள், மூலைகளுக்கு ஈர்க்குச்சி போதும். ஊசி, கம்பி நார் எல்லாம் கீறிவிடும். அப்புறம் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, உடனே துடைத்து, முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகே திரி ஏற்றுங்கள்.

பச்சையைப் பார்த்ததும் பித்தளை அரித்துப்போகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். பாலிஷ் கசடோடு செம்பு சேர்ந்தாலும் அந்த நிறம் வரும், பெரும்பாலும் அது மேலோடு கழுவிப் போகிற விஷயம்தான்.