மகனுக்கு ரக்பி ஒப்பந்தம், வீட்டில் சண்டை

கேள்வி: எங்கள் மகனுக்கு 18 வயதாகப் போகிறது. லண்டனில் பிறந்து வளர்ந்தவன். பிரீமியர்ஷிப் என்ற இங்கிலாந்தின் முதல்நிலை லீகில் ஆடும் ஒரு ரக்பி கிளப், இளம் வீரர்களைப் பயிற்றும் தன் அகாடமியில் ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஏ-லெவல் முடிந்ததும் யுனிவர்சிட்டி வேண்டாம், ரக்பிதான் என்கிறான். கணவரோ, "கை காலை உடைத்துக்கொள்ளவா இந்த நாட்டுக்கு வந்தோம்?" என்று அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், ஹாரோ

பதில்: சகோதரி, மகன் பக்கம் நில்லுங்கள். ஆனால் படிப்பைக் கைவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு நில்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் மகன் ஆடும் ரக்பி வகை (ரக்பி யூனியன் என்பார்கள்) சம்பளத்துக்கு ஆடும் ஆட்டமானதே 1995இல்தான். இங்கிலாந்தின் மேல்மட்டத்தில் இன்று இருப்பவை 10 அணிகள். ஓர் அணி தன் வீரர்களின் சம்பளத்துக்கு ஆண்டுக்குச் செலவிட 64 லட்சம் பவுண்ட் என்று அடிப்படை உச்சவரம்பு இருக்கிறது. பெரிய தொகைதான். ஆனால் தேசிய அணி நட்சத்திரங்கள் எடுத்துக்கொண்டது போக, அகாடமிப் பையனுக்கு என்ன மிஞ்சும் என்று பாருங்கள். அதுவும் முதல் சில வருடங்கள் பெரிய அணியில் இடம் கிடைப்பது அபூர்வம். ஆட்ட அனுபவத்துக்காகக் கீழ்ப்பிரிவு கிளப்புகளுக்கு இரவலாக அனுப்புவார்கள்.

ஒப்பந்தம் கையில் இருந்தாலும் கிளப் இருக்குமா என்பது வேறு கேள்வி. 2022 அக்டோபரில் வொர்ஸ்டர் வாரியர்ஸ் என்ற பிரீமியர்ஷிப் கிளப் நொடித்துப்போய், அதன் வீரர்களின் ஒப்பந்தங்கள் சீசன் நடுவிலேயே முடிவுக்கு வந்தன. அதே மாதம், இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற வாஸ்ப்ஸ் கிளப்பும் கடனில் மூழ்கி அத்தனை வீரர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஜூனில் லண்டன் ஐரிஷ் கிளப்புக்கும் இதே கதி. நன்றாக ஆடியவன், ஆடாதவன் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோருக்கும் வேலை போயிற்று.

அப்புறம் காயம். வேல்ஸ் வீரர் சாம் வார்பர்டன் 2013, 2017 என்று இரண்டு முறை, பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணியின் சுற்றுப்பயணங்களுக்குத் தலைமை தாங்கியவர். கழுத்திலும் முழங்காலிலும் அறுவைசிகிச்சை செய்தும் உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை. 2018இல், 29 வயதில், ஓய்வு பெற்றார்.

உங்கள் கணவர் கை காலுக்குப் பயப்படுகிறார். நானாக இருந்தால் தலைக்குத்தான் பயப்படுவேன். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் முன்வரிசையின் நடுவில் முட்டும் ஹூக்கராக ஆடிய ஸ்டீவ் தாம்சன், அந்த வெற்றியே தனக்கு நினைவில்லை என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 42. இளவயது டிமென்ஷியா, அதாவது மறதி நோய். இப்போது கட்டுப்பாடுகள் கூடியிருக்கின்றன என்பது உண்மை. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியே கூட்டிப்போய் டாக்டர் சோதிக்கிறார். தலையில் விழும் அடியின் வேகத்தை அளக்கும் பல்கவசமும் வந்துவிட்டது. ஆனாலும், தலை சுற்றுவதை மறைத்து "ஐயாம் ஃபைன்" என்று ஆடுகிறவனைக் காப்பாற்றுவது கஷ்டம். மகனிடம் நேராகக் கேளுங்கள்: அடிபட்டால் வாயைத் திறந்து சொல்வாயா? அவன் மழுப்பினால் எனக்கும் கவலைதான்.

சரி, படிப்புக்கு வருவோம். யுனிவர்சிட்டிக்குப் போனால் ரக்பி போய்விடும் என்று உங்கள் வீட்டில் மகன், அப்பா இரண்டு பேருமே நினைக்கிறார்கள். அப்படியில்லை. அலெக்ஸ் டோம்பிராண்ட் கார்டிஃப் மெட் யுனிவர்சிட்டி அணியில் ஆடி, அங்கிருந்து 2018இல் ஹார்லெக்வின்ஸ் என்ற பிரீமியர்ஷிப் கிளப்புக்குப் போய், 2021இல் இங்கிலாந்துக்கே ஆடினார். லஃப்பரோ, எக்ஸிடர், டர்ஹாம் போன்ற யுனிவர்சிட்டி அணிகள் மோதும் அந்த லீகைப் பெரிய கிளப்புகள் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. ஜேமி ராபர்ட்ஸின் கதையை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்; நம் ஆட்களுக்கு மெடிசின் என்றால் காது நீளும். வேல்ஸுக்கும் லயன்ஸுக்கும் ஆடிக்கொண்டே, ஐந்து வருட மருத்துவப் படிப்பை எட்டு வருடம் இழுத்து, 2013இல் டாக்டரானார் அவர்.

எனவே கிளப்பைச் சந்திக்கும்போது சம்பளத்தோடு நிறுத்தாதீர்கள். படிப்பதற்கு வாரத்தில் எத்தனை நாள் விடுவார்கள்? பக்கத்தில் எந்த யுனிவர்சிட்டியோடு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்? நீண்ட காலக் காயம் பட்டால் எத்தனை மாதம் சம்பளம் வரும்? வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் என்று யாராவது வந்தால், இங்கிலாந்தில் ஆட்டத்தை நிர்வகிக்கும் ரக்பி யூனியன் அமைப்பில் (RFU) பதிவு செய்தவரா என்று பாருங்கள். வீரர்களின் சங்கமும் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

மகன் அணியில் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஓடுபவன் என்றால் கிளப் அவசரப்படுத்தும். கால் வேகம் இருக்கிற வயது அது. இரு அணியினரும் கோத்து நின்று முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் முட்டும் ப்ராப் என்றால், அந்த உடம்பு தேறவே இருபதுகளின் நடு ஆகும். முப்பதைத் தாண்டியும் ஆடுவார்கள். அப்படியானால் மூன்று வருடப் பட்டப்படிப்புக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது என்று நீங்களே கிளப்பிடம் வாதாடலாம்.