தகர ஷெட்டில் தங்கப் போகிறீர்களா? சோலார் பிறகு

கேள்வி: 10-க்கு 12 அடியில் ரெடிமேட் தகர ஷெட் ஒன்றை வாங்கி நிலத்தில் நிறுத்தியிருக்கிறேன். மின் இணைப்பும் குழாய்த் தண்ணீரும் இல்லை. வார இறுதிகளில் இருவர் தங்கும்படி மாற்ற வேண்டும். எத்தனை வாட் சோலார் பேனல் தேவை?

பதில்: 300 வாட் போதும். ஆனால் அந்தப் பேனலை இப்போதே வாங்கிவிடாதீர்கள்.

ஷெட் என்பது சாமான் வைக்கச் செய்தது. சாமான்கள் மூச்சு விடுவதில்லை. இருவர் ஓர் இரவு தூங்கி எழுந்தால் மூச்சிலும் வியர்வையிலுமாகச் சுமார் அரை லிட்டர் நீர் ஆவியாக அறையில் சேர்கிறது. இரவில் தகரம் குளிர்ந்திருக்கும்போது அந்த ஆவி அதில் துளிகளாகப் படிந்து, படுக்கைமேல் சொட்டும். பகலில் அதே தகரம் அனலைக் கக்கும். பணத்தின் பெரும்பங்கை இங்கேதான் செலவழிக்கச் சொல்வேன்.

சுவருக்கும் கூரைக்கும் உட்புறம் 50 மி.மீ. நுரைப் பலகையைத் தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி, இணைப்புகளை டேப்பால் மூடுங்கள். தகரம் நெளிவாக இருந்தால் பலகை முழுதாகப் படியாது. அப்போது ஆவி புகாத வகைத் தெளிப்பு நுரைதான் சரி. ராக்வூல் என்னும் கல்லிழைப் பஞ்சை மட்டும் திணித்தால் ஆவி அதன் ஊடே புகுந்து தகரத்தை நனைக்கும். வெளியே தெரியாமல் துரு ஏறிக்கொண்டிருக்கும். நுரை தீப்பற்றக்கூடியது என்பதால் அதன்மேல் ஜிப்சம் பலகை கட்டாயம். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தரைக்கு அருகிலும் மற்றொன்று கூரையை ஒட்டியும், காற்றுத் துவாரங்கள் வையுங்கள். ஒரு சன்னலாவது ஆள் நுழைந்து வெளியேறும் அளவில் இருக்கட்டும். கதவருகே தீப்பிடித்தால் அதுதான் வழி.

காலி ஷெட்டைப் பலத்த காற்று தூக்கிவிடும். நான்கு மூலைகளையும் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட்டால் பிடித்துவிடுங்கள். சாமான் ஷெட்டுக்குக் கிடைத்த அனுமதி ஆள் தங்குவதற்குச் செல்லாமல் போகலாம். நுரையை வெட்டுவதற்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கணக்கு. 9 வாட் விளக்குகள் நான்கு, 5 மணி நேரம்: 180 வாட்-மணி. பேட்டரியில் நேரடியாக ஓடும் 30 வாட் டிசி மின்விசிறி 10 மணி நேரம்: 300. போன், லேப்டாப்புக்கு 180. ஆக, நாளுக்கு 660. நல்ல வெயில் 4 மணி நேரம், இழப்பு 30 சதவீதம் என்று கொண்டால் 236 வாட் வருகிறது. மேகத்துக்கும் சேர்த்து 300. பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அதில் 1,000 வாட்-மணி வரை தாராளமாக எடுக்கலாம். அதே அளவு ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஒரு நாளுக்கே போதாது. மின்கெட்டில், மின் அடுப்பு வேண்டாம். சூடாக்கும் கருவி எதுவானாலும் இந்தக் கணக்கு தலைகீழாகும். 12 வோல்ட்டில் 300 வாட் எடுத்தால் 25 ஆம்பியர் பாயும். கம்பி தடிமனாகவும் நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஃப்யூஸைப் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே போடுங்கள்.

ஜெனரேட்டரும் கரியடுப்பும் ஒருபோதும் உள்ளே கூடாது. இவ்வளவு சிறிய அறையில் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். எரிவாயு அடுப்பானால் சன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் மாட்டுங்கள்.

தண்ணீருக்குக் கூரையே போதும். 10 மி.மீ. மழையில் உங்கள் 11 சதுர மீட்டர் கூரையிலிருந்து ஏறத்தாழ 90 லிட்டர் தொட்டிக்கு வரும். முதல் மழைநீரை வெளியே விட்டுவிடுங்கள். கழுவவும் குளிக்கவும் தொட்டி நீர் சரி. குடிக்க மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.