கோடை முடிவில் காய்கறித் தோட்டம்: தண்ணீர் ஊற்றியும் செடி துவள்வது ஏன்?

கேள்வி: காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் தெளிக்கிறேன். ஆனாலும் நண்பகலில் தக்காளிச் செடிகள் துவண்டுவிடுகின்றன, பூக்கள் உதிர்கின்றன, காய்களின் அடிப்பாகம் கறுத்துப்போகிறது. கோடை முடியும் இந்த நேரத்தில் உரமிட்டால் தேறுமா, அல்லது பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்க வேண்டாம், உரமும் இப்போது வேண்டாம். முதலில் தண்ணீர் விடும் முறையை மாற்றுங்கள்.

கடும் வெயிலில் வேர் உறிஞ்சுவதைவிட இலைவழி ஆவியாகும் நீர் அதிகம் என்பதால், ஈர மண்ணில் நிற்கும் செடியும் நண்பகலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் துவண்டே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மேலே ஈரமும் கீழே உதிரும் புழுதியுமாக இருந்தால், நீங்கள் தெளிக்கும் தண்ணீர் வேரை எட்டவில்லை. அடிமண் நன்றாக ஈரமாக இருந்தும் காலையில் செடி துவண்டிருந்தால், அது வேரழுகலாகவோ வாடல் நோயாகவோ இருக்கக்கூடும். அந்தச் செடியை மட்டும் வேரோடு அகற்றிவிடுங்கள்.

காயின் அடி கறுப்பதற்கும் தண்ணீரே பெரும்பாலும் காரணம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கருதிப் பலர் முட்டை ஓட்டுத் தூளை இடுகிறார்கள். மண்ணில் அந்தச் சத்து போதிய அளவு இருந்தாலும், அது நீரோடு சேர்ந்தே காய்க்குள் ஏற முடியும் என்பதால், மண் ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் நனைந்தும் கிடந்தால் காயின் நுனிக்கு அது போய்ச் சேர்வதில்லை. கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். இனி அதிகாலையில், இலைமேல் படாமல், 15 முதல் 20 செ.மீ. ஆழம் நனையும்படி செடியின் அடியில் நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். நிலத்தில் உள்ள செடிக்கு வாரம் இரண்டு மூன்று முறை இப்படி விட்டால் பெரும்பாலும் போதும். தொட்டிச் செடிக்கு நாள்தோறும் தேவைப்படலாம். காய்ந்த இலை அல்லது வைக்கோலால் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு, தண்டை ஒட்டாமல் மூடாக்கு இடுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பூ உதிர்வது வெப்பத்தால். பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் தணியாதபோது மகரந்தம் வீரியம் இழக்கிறது. இந்நிலையில் தழைச்சத்து உரம் இட்டால் இலைதான் பெருகும். பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். இரவு குளிரத் தொடங்கியதும் பூ தானாகவே காயாகப் பிடிக்கும், மக்கிய உரத்தை அப்போது இடலாம்.

இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். மேலே வெளிர்ப்புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால், வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அவை செஞ்சிலந்திப் பேன்கள். இலைகளின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். குறையாவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

வெண்டை இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறியுங்கள். முற்றவிட்டால் புதுப் பிஞ்சு குறையும். அடுத்த பருவத்துத் தக்காளி, கத்தரி நாற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால், விதையை நிழலான இடத்தில் இப்போதே ஊன்றிவிடுங்கள்.