கடைசி பெஞ்சில் ஒருவர்

அன்புள்ள ஐயா,

அரசுத் தொடக்கப்பள்ளியில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது மூன்றாம் வகுப்பு. நான் சேர்ந்தபோது செயல்வழிக் கற்றல் அட்டைகள் இருந்தன. பிறகு புதிய பாடநூல்கள், பிறகு எண்ணும் எழுத்தும் திட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி, ஒரு பதிவேடு. என் வகுப்பில் 28 பேர். அவர்களில் 9 பேருக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியவில்லை. வீட்டில் கவனிப்பு இல்லை. என்ன செய்தாலும் இவர்களுக்கு வராது என்று சில நாள் தோன்றிவிடுகிறது.

ஒரு மாநிலம் முழுவதையும் ஒரு சீர்திருத்தத்தால் மாற்ற முடியும் என்று நம்புகிறீர்களா? வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலே போதாதா? மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடலாம் என்கிறார்களே, சரியா? கடைசியாக ஒன்று. மற்றப் பள்ளிகளுக்குப் போய்ப் பயிற்சி தரும் கருத்தாளர் பணிக்கு என்னைக் கேட்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு வருகிறவர்கள் புள்ளிவிவரம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆவேனா என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

எஸ்.

அன்புள்ள டீச்சர்,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். ‘என்ன செய்தாலும் இவர்களுக்கு வராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சில நாள் தோன்றுகிறது என்றுதான் சொல்கிறீர்கள், தெரியும். அந்தச் சில நாள்களிலும் அந்த ஒன்பது பேர் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்பதை எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டாமலே படித்துவிடும். வீட்டில் கவனிப்பு இல்லை என்கிறீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அம்மா, பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பார்கள்? சொல்லிக்கொடுக்க முடியாது என்பதால்தானே உங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஒன்பதை எண்ணிச் சொன்னீர்கள் பாருங்கள், அதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். ‘சிலருக்கு வராது’ என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள்.

எண்ணிக்கையைக் குறைக்கும் யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 1985 முதல் 1989 வரை சோதித்துப் பார்த்தது. 13 முதல் 17 பிள்ளைகள் இருந்த சிறிய வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட நன்றாகவே செய்தன. அதைப் பார்த்துவிட்டு 1996இல் கலிபோர்னியா மாநிலம் முழுவதும் ஆரம்ப வகுப்புகளை 20 பேராகக் குறைத்தது. ஒரேயடியாக அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது? முழுத் தகுதி பெறாதவர்களையெல்லாம் வகுப்புக்குள் அனுப்பினார்கள். எதிர்பார்த்த முன்னேற்றம் தெளிவாகக் கிடைக்கவில்லை. உங்களிடம் இருப்பது 28 பேர். உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடுவது பற்றி எனக்கு விவாதமே இல்லை, கூடாது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மதிப்பெண்ணைக் காட்டியாக வேண்டிய நெருக்கடியில், பிள்ளைகளின் விடைத்தாள்களை ஆசிரியர்களே அழித்துத் திருத்தினார்கள். 2011இல் வந்த விசாரணை அறிக்கையில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சிக்கினார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாது என்ற உண்மையும் தாளிலிருந்து அழிந்துபோனது. உதவி வந்து சேர இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டது.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

என் இருபதுகளில் சில ஆண்டுகள் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தேன். முதல் ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரி என் வகுப்பில் பத்து நிமிடம் நின்றார். வருகைப் பதிவேட்டில் ஓர் அடித்தல் இருந்தது. பாடக்குறிப்பில் ஒரு வாரம் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அன்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து என் பதிவேடுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. பாடம் நடத்துவதில் ஒரு மாற்றமும் இல்லை. எப்படி இருக்கும்? அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

இரண்டாம் ஆண்டில், ஓய்வு பெற மூன்று வருடமே இருந்த ஒரு டீச்சர் எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்தார். ஒருநாள் என்னிடம், “தம்பி, நாளைக்கு உங்க வகுப்புல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?” என்று கேட்டார். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். நான் தமிழ்ப் பாடம் எடுத்தேன். நான் ஒரு வரி படிக்க, பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். வகுப்பே அதிர்ந்தது. நன்றாகப் போனதாக நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்த பிறகு ஒரு துண்டுத் தாளை நீட்டினார். நாற்பது நிமிடத்தில் தனியாகக் குரல் கேட்ட பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பேரும் முதல் இரண்டு வரிசை. “ஜன்னலோரம் உக்காந்திருக்கே அந்தப் பொண்ணு, அது விரலைப் பாத்தீங்களா?” என்றார். நான் பார்க்கவில்லை. அவள் வாய் எல்லோரோடும் சேர்ந்து சரியாக அசைந்திருக்கிறது. புத்தகத்தில் அவள் விரல் மட்டும் மூன்று வரி கீழே இருந்திருக்கிறது. பாடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது.

மறுநாள் அவளைத் தனியாக உட்காரவைத்து, நான் பக்கத்தில் இருக்க, நான்கே சொற்களை அவர் கரும்பலகையில் எழுதினார். ‘மரம்’ வந்தது. ‘கால்’ என்பதைக் ‘கரல்’ என்று படித்தாள். ‘பால்’ என்பதைப் ‘பரல்’ என்றாள். துணைக்காலும் ரகரமும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. அடுத்து ‘கொடி’ என்று எழுதினார். ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்து, “வாயில முதல்ல வர்றது க், ஆனா கண்ணுக்கு முன்னால நிக்கிறது கொம்பு. இது யாராவது சொல்லித்தரணும் தம்பி, தானா வராது” என்றார்.

டீச்சர், இது எனக்குத் தெரியாது. பயிற்சி நிறுவனத்தில் இரண்டு ஆண்டு படித்திருந்தேன். குழந்தை உளவியல் எழுதித் தேறியிருந்தேன். கொம்பையும் துணைக்காலையும் ஒரு பிள்ளையின் கண்ணால் பார்க்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆறு வாரம், தினமும் பதினைந்து நிமிடம். அவள் படித்துவிட்டாள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பாதியை டீச்சர் எடுத்தார், பாதியை நான் எடுத்தேன். நான் எடுக்கும்போது அவர் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு சொல்வார். என்னைப் பற்றி யாருக்கும் எதுவும் எழுதி அனுப்பவில்லை.

ஒரு மாநிலம் இதைச் செய்ய முடியுமா என்றுதான் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடியும் என்பதற்கு மிசிசிபியைச் சொல்வேன். அமெரிக்காவின் மிக ஏழை மாநிலங்களில் அது ஒன்று. படிப்பில் கடைசி வரிசை என்றே பெயர் எடுத்திருந்தது. 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எழுத்தும் ஒலியும் எப்படிச் சேர்கின்றன என்பதை ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். மிகவும் பின்தங்கிய பள்ளிகளைப் பொறுக்கியெடுத்து, ஆசிரியருக்குத் துணையாக வகுப்பிலேயே உட்காரும் வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள். தேசிய அளவிலான வாசிப்புத் தேர்வில் நான்காம் வகுப்பின் சராசரி 2013இல் 209. 2019இல் அது 219 ஆகித் தேசிய சராசரியைத் தொட்டது. மூன்றாம் வகுப்பில் படிக்கத் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. மதிப்பெண் உயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்திவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயிற்றுநர்களை அனுப்பியதைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

நம் செயல்வழிக் கற்றலையும் இங்கே சொல்லியாக வேண்டும், அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் தன் படியில் நிற்கலாம், ஆசிரியர் தரையில் இறங்கி உட்கார வேண்டும் என்று சொன்ன திட்டம் அது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் பிறந்த யோசனையைச் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003இல் தொடங்கினார்கள். 2007-08க்குள் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளுக்குப் போய்விட்டது. அட்டைகள் லாரியில் ஏறி எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. அந்த 13 பள்ளிகளில் முதலில் செய்து பார்த்தவர்களின் கைப்பழக்கம் லாரியில் ஏறுமா? ஒரு பிள்ளை ஏன் ஒரே அட்டையில் மூன்று வாரம் நிற்கிறது என்று ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். அது இருந்த இடத்தில் நன்றாக நடந்தது. இல்லாத இடத்தில் அட்டைகள் தட்டில் தூங்கின. எண்ணும் எழுத்தும் 2022இல் வந்தபோதும் நோக்கம் சரிதான், எட்டு வயதுக்குள் படிக்கவும் கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது. அதிலும் நான் தேடுவது அந்த ஆளைத்தான்.

ஐந்து நாள் பணியிடைப் பயிற்சியால் இதை ஈடுகட்ட முடியாது. மண்டபத்தில் நூறு பேரை உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு அனுப்பினால், வீடு வந்து சேர்வதற்குள் முக்கால்வாசி மறந்துவிடும். நீச்சலைக் கரையில் நின்று கேட்டுக் கற்றவர் உண்டா?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒன்றையும் மறைக்க மாட்டேன். வகுப்பறைக்கே போய் ஆசிரியருக்குத் துணைநிற்கும் திட்டங்களைப் பற்றிய 60 ஆய்வுகளை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 2018இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் முறை நன்றாகவே மேம்பட்டிருந்தது, பிள்ளைகளின் படிப்பும் உயர்ந்திருந்தது. ஆனால் நூறு ஆசிரியருக்கு மேல் போன பெரிய திட்டங்களில் பலன் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆளைத் தேடி எடுக்கிற வரை அது துணை. எண்ணிக்கையை நிரப்ப ஆள் எடுக்க ஆரம்பித்த அன்றே அது ஆண்டாய்வு ஆகிவிடுகிறது. அதனால்தான் எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் என்று சொல்லும் எந்த அறிவிப்பையும் நான் கைதட்டி வரவேற்பதில்லை. மிகவும் தவிக்கும் பள்ளிகளுக்கு முதலில் போங்கள், நல்ல ஆள் கிடைக்கும் வேகத்தில் அடுத்த பள்ளிக்குப் போங்கள் என்பேன். அது பத்தாண்டு வேலை. பத்தாண்டு பொறுக்கத் தயாராக இல்லாதவர்கள் இதைத் தொடக்கூடாது.

கருத்தாளர் பணி பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? போங்கள். ஆனால் இப்போதே வேண்டாம். அந்த ஒன்பது பேரையும் படிக்க வைத்துவிட்டுப் போங்கள். நாளைக்குக் காலையில் சேர்ந்து படிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் வேண்டாம், ஒரு துண்டுத் தாள் போதும். ஒன்பது பேருக்கும் ஒரே தடை இருக்காது. ஒருவருக்குத் துணைக்கால், ஒருவருக்குக் கொம்பு. ஒருவருக்குக் கண்ணாடி தேவைப்படலாம், அதையும் பாருங்கள். இன்னொருவர் எழுத்தெல்லாம் தெரிந்தும் பயத்தில் வாய் திறக்காதவராக இருப்பார்.

அப்புறம், மீதி 19 பேரையும் அப்படியே தனியாகப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் அந்த ஜன்னலோரப் பெண் எனக்குத் ‘தெரிந்தவர்கள்’ கணக்கில்தான் இருந்தாள்.

தாள் நிரம்பியதும் எனக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டு கருத்தாளராக இன்னொருவர் வகுப்புக்குப் போகும்போது கையில் அதை மட்டும் கொண்டுபோங்கள். கடைசி பெஞ்சில் உட்கார அந்த ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள்.