ஸ்டார்ட்டர் பேனலுக்கு வரைபடம் போட எந்த மென்பொருள்?

கேள்வி: பம்ப்செட்டுக்கு ஸ்டார்ட்டர் பேனல் கட்டிக் கொடுக்கிறேன். இதுவரை சர்க்யூட்டை நோட்டில் பேனாவால் போட்டே சமாளித்துவிட்டேன். இப்போது வாடிக்கையாளர்கள் பிரிண்ட் எடுத்த டயகிராம் கேட்கிறார்கள். யாரைக் கேட்டாலும் கீகேட் என்கிறார்கள். திறந்தால் தலை சுற்றுகிறது. என்னிடம் இருப்பது பழைய விண்டோஸ் லேப்டாப். செலவில்லாமல், சுலபமாக வரைய எது சரிப்படும்?

பதில்: உங்களுக்குத் தலை சுற்றியதில் தப்பே இல்லை. கீகேட் அருமையான இலவச மென்பொருள்தான். 1992-இல் பிரான்ஸில் ஷான்-பியர் ஷாராஸ் தொடங்கியது, பிறகு செர்ன் ஆய்வகமும் கைகொடுத்து வளர்த்தது. ஆனால் அது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கருவி. ரெசிஸ்டர், ஐசி எல்லாம் வரைந்து, அதைப் பிசிபி போர்டாக (பாகங்களைப் பற்றவைக்கும் அச்சுப் பலகை) மாற்றுவதுதான் அதன் வேலை. நீங்களோ மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் காண்டாக்டர், அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே, புஷ் பட்டன் வைத்துப் பேனல் கட்டுகிறவர். ‘சர்க்யூட் வரையும் மென்பொருள்’ என்று பொதுவாகக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் எலக்ட்ரானிக்ஸ் பக்கமே கை காட்டுவார்கள். எல்டிஸ்பைஸ், ஃப்ரிட்ஸிங் எல்லாம் அந்த வகைதான். அவற்றை விட்டுவிடுங்கள்.

அடுத்து பலரும் போவது டிரா ஐஓ. பிரவுசரிலேயே ஓடும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். ‘மோர் ஷேப்ஸ்’ போய் ‘எலக்ட்ரிகல்’ என்பதை டிக் செய்தால் குறியீடுகள் வந்துவிடும். ஒரே ஒரு படம், அதுவும் சின்னது என்றால் இதுவே போதும். ஆனால் ஒன்று: அதற்கு நீங்கள் போடுவது வெறும் கோடு. ஒயர் என்று அதற்குத் தெரியாது.

இதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக லைனில் கொடுத்து ஓட்டுவது) படத்தில் இடம் போதவில்லை என்று காண்டாக்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மற்ற கோடுகள் கூடவே வந்தன; பட்டனை விட்ட பிறகும் மோட்டாரை ஓட வைக்கிற ஹோல்டிங் காண்டாக்டுக்குப் போகும் கோடு மட்டும் சரியாக ஒட்டாததால் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. படத்தைப் பார்த்து ஒயரிங் செய்த பையன் அந்த ஒயரைப் போடவே இல்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. தப்பு படத்தில் என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போனது.

சரி, உங்கள் வேலைக்கு நான் சொல்வது கியூஎலக்ட்ரோடெக் (QElectroTech). இலவசம், பேனல் வேலைக்கென்றே செய்தது, பழைய லேப்டாப்பையும் படுத்தாது. நிறுவாமல் ஜிப்பைப் பிரித்து அப்படியே ஓட்டக்கூடிய வடிவமும் உண்டு. பேனல் வேலைக்கு வேண்டிய குறியீடுகள் ஐஇசி என்ற சர்வதேசத் தர முறையில் தயாராக இருக்கின்றன. பெட்டியிலிருந்து இழுத்துத் தாளில் போட வேண்டியதுதான்.

முதல் படமாக உங்களுக்கு மனப்பாடமான டிஓஎல் கண்ட்ரோல் சர்க்யூட்டையே போடுங்கள். மேலிருந்து கீழாக ஓவர்லோடின் 95-96 முனைகள், அதற்குக் கீழே ஸ்டாப், அப்புறம் ஸ்டார்ட், ஸ்டார்ட்டுக்கு இணையாகக் காண்டாக்டரின் 13-14, கடைசியில் காண்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மவுஸை இழுத்தால் ஒயர் தானாக வளைந்து போய்ச் சேரும். பிறகு காயிலை எங்கே நகர்த்தினாலும் ஒயரும் கூடவே வரும். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. காயிலை இரட்டைக் கிளிக் செய்து அதன் காண்டாக்டுகளோடு இணைத்துவிட்டால், எந்தக் காண்டாக்ட் எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காயிலுக்குக் கீழேயே எழுதிக் காட்டும். டிஓஎல்லுக்கு இது பெரிதாகத் தெரியாது. மூன்று காண்டாக்டர், டைமர் என்று, ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்கு மாறும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வரையும்போது அருமை புரியும். ஒயர்களுக்கு நம்பரும் கொடுக்கலாம்; அதே நம்பரை ஒயர் முனையில் மாட்டும் ஃபெரூலில் போட்டுவிட்டால் படமும் பேனலும் ஒத்துப்போகும். ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலர் கொடுக்க ஆசை வரும். வேண்டாம். வெள்ளைத்தாளில் மஞ்சள் கோடு கண்ணுக்கே தெரியாது. எல்லாம் கறுப்பில் இருக்கட்டும், பக்கத்தில் நம்பர் எழுதினால் போதும்.

இரண்டு ஒயர் குறுக்கே போகிற இடத்தில் கவனம். சேர்கிற இடத்தில் புள்ளி இருக்க வேண்டும். சும்மா தாண்டிப் போனால் இருக்கக்கூடாது. ஒரே இடத்தில் நான்கு பக்கமிருந்தும் கோடுகள் வந்து சேர விடாதீர்கள். இரண்டு டி வடிவச் சந்திப்பாகப் பிரித்துப் போடுங்கள். ஜெராக்ஸில் புள்ளி அழிந்தாலும் அர்த்தம் மாறாது.

கியூஎலக்ட்ரோடெக்கில் சர்க்யூட்டை ஓட்டிப் பார்க்க முடியாது. அதற்கு கேட்சிமு (CADe SIMU) என்ற சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் வரைந்து ஸ்டார்ட்டை அழுத்தினால் காண்டாக்டர் இழுப்பதும், டைமர் முடிந்து டெல்டாவுக்கு மாறுவதும் திரையிலேயே தெரியும். புதிதாக ஒரு சர்க்யூட்டை யோசிக்கும்போது முதலில் அதில் ஓட்டிப் பார்ப்பேன், பிறகு கியூஎலக்ட்ரோடெக்கில் அழகாக வரைவேன். இரட்டை வேலைதான்; ஆனால் சந்தேகம் இருக்கிற இடத்தில் மட்டும் செய்தால் போதும். ஈபிளான், ஆட்டோகேட் எலக்ட்ரிகல் போன்றவை காசு கட்டி வாங்க வேண்டியவை, பெரிய ஆலைகளுக்கானவை. உங்களுக்கு இப்போது தேவையில்லை.

வரைந்து முடித்ததும் தாளின் அடியில் உள்ள பெயர்க்கட்டத்தில் தேதியும் எத்தனையாவது திருத்தம் என்பதும் போட்டு, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அந்த வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து டைமர் சேர்க்கச் சொன்னால் பிடிஎஃப் உதவாது. மூல ஃபைலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுகிற பிரதியை லேசர் பிரிண்டில் எடுங்கள். கிணற்றடி மோட்டார் ரூம் ஈரத்தில் இங்க்ஜெட் மை ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது.