‘போய் இறங்கியதும் விசா மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் மகனை அனுப்பாதீர்கள்

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கம்பெனியே தரும், இப்போதைக்கு டூரிஸ்ட் விசா, போய் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார், மகனை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. படித்து முடித்த பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் இருப்பது எவ்வளவு உறுத்தும் என்று தெரியும், ஆனாலும் வேண்டாம்.

இப்படிப் போன பிள்ளைகளுக்கு நடந்தது இதுதான். பாங்காக்கில் இறங்கியதும் கார் வரும். ஆபீஸ் பக்கத்தில்தான் என்பார்கள், ஆனால் வண்டி மணிக்கணக்கில் ஓடி மே சாட் என்ற எல்லை ஊரில் போய் நிற்கும், அங்கிருந்து மோய் ஆற்றைக் கடந்தால் அந்தக் கரை மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டும் போனும் பறிபோகும். பிறகு ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றுவதுதான் வேலை. டார்கெட் முடிக்காவிட்டால் அடி, விட வேண்டுமென்றால் வீட்டிலிருந்து லட்சக்கணக்கில் பணம். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதைதான்.

ஏஜென்ட்டிடம் பதிவு எண் கேளுங்கள். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், அதை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி., அதுவும் ரசீதோடு. ஒன்றரை லட்சம் ரொக்கமாகக் கொடுங்கள், ரசீதெல்லாம் அப்புறம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் உறவுக்காரப் பையன் ஏற்கெனவே மாட்டியிருக்கிறான், புகார் கொடுத்தால் அவன் மேலேயே கேஸ் வரும் என்று வீட்டார் பயப்படுவதாக எழுதியிருந்தீர்களே, அவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவனே விரும்பித்தானே போனான் என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுபோய்ச் சுரண்டினால் அது ஆள்கடத்தல், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 143-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான 2000-ஆம் ஆண்டு ஐ.நா. நெறிமுறையும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. பாஸ்போர்ட்கூட நம் சட்டப்படி மத்திய அரசின் சொத்து, அதைப் பிடுங்கி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.

அவமானமாக இருக்கிறது என்று வாட்ஸ்அப் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். ஏஜென்ட்டின் வாய்ஸ் நோட், பணம் அனுப்பிய விவரம், டிக்கெட், பையன் கடைசியாக அனுப்பிய லொகேஷன், எல்லாவற்றையும் இன்னொரு போனிலும் சேமித்து வையுங்கள். வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்திலும், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் இன்றைக்கே எழுதுங்கள், உள்ளூர் போலீஸில் ஏஜென்ட் பெயரைப் போட்டுப் புகார் கொடுங்கள். அவனே போன் செய்தால் மட்டும் பேசுங்கள், நீங்களாக அடிக்கடி கூப்பிட்டால் ஒளித்து வைத்திருக்கும் போன் பிடிபட்டுவிடும்.

அவன் திரும்பி வந்த பிறகு பயோடேட்டாவில் அந்த மாதங்களை எப்படிக் காட்டுவது என்ற கவலையும் வரும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னிடம் அனுப்புங்கள்.