எப்படி சரி பண்ணீங்க?

அன்புள்ள சார்,

உங்க தளத்தை நாலஞ்சு வருஷமா படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவை. நீங்க நடுநடுவுல மாடல் ரயில் பத்தி எழுதறத படிச்சுதான் நானும் இதுல இறங்கினேன். ஆறு மாசமா 8க்கு 4 அடி பலகையில ஹெச்ஓ அளவுல, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு அளவுல, ஒரு லேஅவுட் கட்டிட்டிருக்கேன். ஒரு ஓவல், அதுலேருந்து உள்ள பிரியற ரெண்டு சைடிங், ஒரு குட்டி ஸ்டேஷன். போன வாரம் நான் இருக்கற ஆன்லைன் குழுவுல படமும் வீடியோவும் போட்டேன். கர்வ் ரொம்ப டைட், கோச்செல்லாம் வெளிய தொங்குது, எஞ்சின் ஓஓ, கோச் ஹெச்ஓ, இதுகூட தெரியாம எதுக்கு இந்த வேலைன்னு ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர் பொம்மை செட்டுன்னே சொல்லிட்டார். அதுலேருந்து ரெண்டு நாளா ட்ரெயினை தொடவே இல்ல. குழுவை விட்டு வெளிய வந்துடலாமான்னு இருக்கு. வீட்லயும் 41 வயசுல இது என்ன விளையாட்டுன்னு கேக்கறாங்க.

அப்புறம் ஒரு டெக்னிக்கல் சந்தேகம். இப்போ டிசியில, அதாவது ட்ராக்ல வர்ற வோல்டேஜை கூட்டிக் குறைச்சு ஓட்டறேன், ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியா டிஜிட்டல் கட்டளை அனுப்பற டிசிசிக்கு மாறணுமா? ஆரம்பத்துல சைடிங்குக்கு தடம் மாத்திவிடற பாயின்ட்ல எஞ்சின் நின்னு நின்னு போச்சு, மூணு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டு எப்படியோ சரி பண்ணிட்டேன், இப்போ நல்லா ஓடுது. படம் இணைச்சிருக்கேன். என் பேர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வயசு விஷயத்துக்கு நான் பதில் எழுதப்போறதில்ல, அந்த கேள்விக்கு பதில் சொல்லி சொல்லி எனக்கே வயசாயிடுச்சு. வேணும்னா வீட்ல இதை சொல்லிப்பாருங்க: எம்ஐடியில 1946ல ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பிச்சாங்க, அங்க மேஜைக்கு அடியில படுத்துக்கிட்டு டெலிஃபோன் ரிலேய வச்சு சிக்னல் வயரிங் பண்ணிட்டிருந்த கூட்டம்தான் ஹேக், ஹேக்கர்ங்கற வார்த்தைகள கம்ப்யூட்டர் உலகத்துக்கு கொண்டுபோய் சேர்த்தது. கேக்க மாட்டாங்க, ஆனாலும் சொல்லிவைங்க.

டிசிசி உங்களுக்கு இப்போ வேண்டாம். உங்ககிட்ட இருக்கறது ஒரு எஞ்சின், ஒரு ஓவல், இதுக்கு எதுக்கு டிசிசி? ரெண்டாவது எஞ்சினை வாங்கி, அதே ட்ராக்ல ரெண்டையும் தனித்தனியா ஓட்டணும்னு கை அரிக்க ஆரம்பிச்சா அப்போ மாறிக்கலாம்.

படத்தை பெரிசு பண்ணி ரொம்ப நேரம் பாத்தேன். பிளாட்ஃபார்ம் ஓரத்துல ஒரு ஆளை ரயிலுக்கு முதுகை காட்டி நிக்க வச்சிருக்கீங்க இல்ல, ரெண்டு செமீ உசரம்தான் இருப்பார், அவர் தோள் கொஞ்சம் சரிஞ்சிருக்கு, பையை கீழ வச்சுட்டு யாருக்கோ காத்துட்டிருக்கார். அதை யாரும் உங்களுக்கு சொல்லிக்குடுத்திருக்க முடியாது, வாங்கின பொம்மைய அப்படியே ஒட்டியிருந்தா அந்த சரிவு வராது. எனக்கு அது போதும், இந்த ஆளுக்கு கண்ணு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு.

கண்ணு இருக்கறதாலதான் திட்டறேன். கர்வ் பத்தி அவங்க சொன்னது சரி. பாக்கறதுக்கு 36 செமீ ரேடியஸ் மாதிரி இருக்கு. நிஜத்துல 26 மீட்டர் சொச்சம் நீளம் உள்ள கோச் ஹெச்ஓவுல 30 செமீ வரும், அதை கொண்டுபோய் அந்த வளைவுல விட்டா நடு உடம்பு உள்ள போகும், மூலை வெளிய தொங்கும், சந்துல திரும்பற லாரிதான் ஞாபகம் வருது. 4 அடி அகலம் இருக்கு, 55 செமீ ரேடியஸ் வரைக்கும் போயிருக்கலாம், ஏன் போகல? உள்ள ஸ்டேஷனுக்கு இடம் வேணும்னு சுருக்கியிருப்பீங்க, எல்லாரும் பண்றதுதான். இப்போ பிடுங்க வேண்டாம், நீட்டு கோச்சை எடுத்து வச்சுட்டு ரெட்டை அச்சு குட்டி கோச் நாலு போடுங்க, அதே வளைவு கண்ணுக்கு அழகா இருக்கும். நிஜ ரயில்பாதையில 300 மீட்டர் ரேடியஸ்னாலே இறுக்கமான வளைவு, அதை ஹெச்ஓவுல அப்படியே கொண்டுவந்தா கிட்டத்தட்ட மூணரை மீட்டர் ரேடியஸ், உங்கள திட்டினவர் வீட்லயும் அது இருக்காது.

வீடியோவுல ஒரு சுத்தை ஒன்பது செகண்ட்ல முடிக்குது உங்க எஞ்சின். நான் உக்காந்து கணக்கு போட்டேன், ஓவல் சுமார் அஞ்சரை மீட்டர்னு வச்சுக்கிட்டா ஹெச்ஓ கணக்குல 190 கிமீ வேகம் வருது. யார்டுல வேகன் தள்ளற குட்டி நீராவி எஞ்சின்யா அது! 60 கிமீ வேகம்னா செகண்டுக்கு 19 செமீதான் நகரணும். குறைங்க.

எஞ்சின் ஓஓ, கோச் ஹெச்ஓன்னு சொன்னாரே, அந்த விஷயத்துல மட்டும் எனக்கு அவர்மேல கொஞ்சம் சிரிப்பு. பக்கத்துல பக்கத்துல வச்சா பூதம் மாதிரி தெரியும், அது உண்மைதான், ஓஓ 1:76, ஹெச்ஓ 1:87. ஆனா ஓஓவே என்ன பெரிய ஒழுங்கா? பிரிட்டன் எஞ்சின்லாம் உடம்பு சின்னது, அந்த காலத்து மோட்டார் ஹெச்ஓ அளவுல அதுக்குள்ள அடங்கல, சரின்னு உடம்பை மட்டும் பெரிசு பண்ணிட்டு ட்ராக்கை அதே 16.5 மிமீலயே விட்டுட்டாங்க. 1:76க்கு சரியா பாத்தா 18.83 மிமீ இருக்கணும். அதாவது நிஜத்துல 1435 மிமீ இருக்கற பாதை இங்க 1257 மிமீதான். அந்த தப்பு மேல ஒரு நாடே பல தலைமுறையா சந்தோஷமா ரயில் ஓட்டிட்டிருக்கு. அதை பொறுக்க முடியாம 18.83லயே தானே ட்ராக் கட்டி, சக்கரத்தையெல்லாம் மாத்தி ஓட்டறவங்களும் இருக்காங்க, அவங்கள பாத்தா எனக்கு கும்பிடத் தோணும், கூட சேரத் தோணாது.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். உங்க கடிதத்துல எனக்கு தூக்கிவாரிப்போட்டது இது எதுவும் இல்ல. "மூணு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டு எப்படியோ சரி பண்ணிட்டேன்"னு போறபோக்குல ஒண்ணு எழுதிட்டு போறீங்களே, அதான். எப்படியோன்னா எப்படி?

இதை பத்தி நானே ஒரு மாசமா பொருமிட்டிருக்கேன், நீங்க வந்து மாட்டிக்கிட்டீங்க. ஏன்னு சொல்லணும்னா என் கதைய சொல்லியாகணும்.

என்னோட முதல் லேஅவுட்ல ஜல்லி போட்ட சமயம். நீங்க இன்னும் போடல, படத்துல ஸ்லீப்பரெல்லாம் மொட்டையா இருக்கு. பொடி ஜல்லிய ட்ராக் நடுவுல கொட்டி, பிரஷால தள்ளி, ஸ்லீப்பர் மேல ஒண்ணுகூட நிக்காம இடுக்குல உக்கார வைக்கணும், ஒரு மீட்டருக்கு ஒரு சாயந்திரம் போயிடும். அப்புறம் தண்ணி கலந்த வெள்ளை கோந்தை டிராப்பர்ல சொட்டு சொட்டா விடணும். சும்மா விட்டா சொட்டு முத்து மாதிரி உருண்டு நிக்கும், ஜல்லிய முதுகுல தூக்கிக்கிட்டு மிதக்கும், நீங்க பாத்து பாத்து பரப்பினதெல்லாம் குழிகுழியா போயிடும். அதுக்குத்தான் பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு கலந்த தண்ணிய முதல்ல ஸ்ப்ரே பண்ணி நனைக்கறது. அப்போ கோந்து பட்ட நொடியே சர்ருனு உள்ள இறங்கிடும். இதை கத்துக்கிட்ட குஷியில நான் பாயின்ட் மேலயும் தாராளமா விட்டுட்டேன். சோப்புத்தண்ணியில இறங்கற கோந்துக்கு எங்க நிக்கணும்னு தெரியாது, சந்து கண்ட இடமெல்லாம் போகும்.

மறுநாள் காலையில பாயின்ட் நகரல. தள்ளினா டிக்குனு ஒரு சத்தம், வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. எஞ்சின் மெயின் லைன்ல ஓடுது, சைடிங் பக்கம் திருப்பினா பாயின்ட்டை தாண்டினதும் செத்துப்போகுது. ஒரு குழுவுல கேட்டேன். எந்த நாட்டுக்காரர்னுகூட தெரியாது, ஒரு மனுஷன் ராத்திரி உக்காந்து பக்கம் பக்கமா பதில் எழுதியிருந்தார். வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு சொட்டு விடு, பத்து நிமிஷம் கைய கட்டிக்கிட்டு இரு, பல்குத்தற குச்சியால மெதுவா அசை, அப்புறம் ஒரு காகித துண்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்சு, நகர்ற பிளேடுக்கும் பக்கத்து தண்டவாளத்துக்கும் நடுவுல விட்டு இழு, காகிதம் கருப்பாகாம வர்றவரைக்கும் இழு, அங்கதான் கரண்ட் போகுதுன்னு எழுதியிருந்தார். நான் என்ன எழுதினேன்? "மிக்க நன்றி சார்". ஒரு கைகூப்பின பொம்மை. அவ்வளவுதான்.

அவர் சொன்னபடி பண்ணினேன், பிளேடு நகர்ந்துச்சு, எஞ்சின் அப்பவும் செத்துச்சு. அதுக்கப்புறம் மூணு சாயந்திரம் மல்டிமீட்டரும் கையுமா உக்காந்து, ஒவ்வொரு தண்டவாளமா முனைய வச்சு வச்சு பாத்தேன். பாயின்ட்டுக்கு அடுத்த ஜாயினர்ல, அதாவது ரெண்டு தண்டவாளத்தை சேர்க்கற குட்டி தகடுல, பீப் சத்தம் வரல. கண்ணுக்கு ரெண்டு தண்டவாளமும் அழகா ஒட்டிக்கிட்டுதான் இருக்கு, ஆனா ஜாயினருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல கோந்து போய் காஞ்சு மெல்லிசா ஒரு தோல் மாதிரி ஆயிருக்கு, கரண்ட் தாண்டல. பலகைய துளைச்சு அந்த தண்டவாளத்துக்கு அடியிலேருந்து தனியா ஒரு வயர் சால்டர் பண்ணினேன், அடுத்த நிமிஷம் எஞ்சின் ஒண்ணுமே நடக்காத மாதிரி சைடிங்குக்குள்ள போச்சு. நான் என்ன பண்ணினேன்? நடுராத்திரி வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருந்தேன். குழுவுல போய் ஒரு வரி எழுதல.

கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு முன்னபின்ன தெரியாத ஒருத்தர்கிட்டேருந்து எனக்கு ஒரு செய்தி வந்துச்சு. அவருக்கும் ஜல்லி போட்டப்புறம் அதே கோளாறு. தேடி என் கேள்விய கண்டுபிடிச்சிருக்கார், பதிலை படிச்சிருக்கார், கீழ என் நன்றியையும் கைகூப்பலையும் பாத்து, ஆஹா இதான் மருந்துன்னு நம்பி, பிளேடை நாலு தடவை சுத்தம் பண்ணியிருக்கார். சரியாகல. அப்போ பாயின்ட்டே பழுதுன்னு முடிவு பண்ணி, கத்திய விட்டு ஜல்லியோட நெம்பி எடுத்திருக்கார், அது ரெண்டா உடைஞ்சுடுச்சு. கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருந்தார்: "உங்களுக்கு அது நெஜமாவே வேலை செஞ்சுதா?"

திட்டியிருந்தா பரவால்ல. இது ரொம்ப நாள் உறுத்துச்சு. ராத்திரி கண்முழிச்சு எழுதின மனுஷனோட நல்ல பதிலை நான் பாதி பொய்யாக்கிட்டேன், மீதி பாதி என் கையில இருந்துச்சு, நான் பாட்டுக்கு விளையாடிட்டிருந்தேன்.

போன மாசம் திரும்பவும் இதே விஷயம், இந்த தடவை அந்தப் பக்கத்துல நான். ஒரு எஞ்சினுக்குள்ள டிசிசி கட்டளைய வாங்கற டீகோடர் சூடாகி சூடாகி நின்னுச்சு, தேடினா அச்சு அசலா அதே எஞ்சின், அதே டீகோடர், அதே கோளாறு, ஒருத்தர் கேட்டிருக்கார். ஆசையா கீழ போய் பாத்தா கடைசியில "சரியாயிடுச்சு, தேங்க்ஸ்". அந்த ஆள் எதிர்ல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எழுத முடியாது.

ஜான் ஆலன்னு அமெரிக்காவுல ஒருத்தர் இருந்தார், கோரி அண்ட் டிஃபீட்டட்னு ஒரு லேஅவுட், தரையிலேருந்து கூரை வரைக்கும் மலையும் பாலமுமா கட்டினவர். 1973 ஜனவரியில அவர் போய்ச்சேர்ந்தார், சில நாள்லயே ஒரு தீ விபத்துல லேஅவுட்டும் பெரும்பாலும் எரிஞ்சு போச்சு. ஆனா மனுஷன் உயிரோட இருந்தப்போ எதை எப்படி பண்ணினேன்னு பத்திரிகைகள்ல எழுதித் தள்ளியிருக்கார், படம் எடுத்திருக்கார். அவர் யோசிச்ச டைம்சேவர்ங்கற, வேகன்களை முன்னபின்ன தள்ளி இடம் மாத்தற ஷண்டிங் புதிரை இன்னிக்கும் ஒரு பலகையும் அஞ்சு பாயின்ட்டும் இருக்கறவங்க கட்டி விளையாடறாங்க. எரியாம மிஞ்சினதுல பெரும்பங்கு அவர் எழுதி வச்சது.

குழுவுல இப்போ என்ன நடக்குது? எல்லாரும் முடிச்ச படத்தை போடறாங்க, பளபளன்னு. ட்ராக் தொடைச்ச துணி எவ்வளவு கருப்பாச்சுன்னு யாரும் போடறதில்ல, கோச் எங்க தடம் புரண்டுச்சுன்னு போடறதில்ல. உங்கள பொம்மை செட்டுன்னு சொன்னவரும் போட்டிருக்க மாட்டார், போய் தேடிப்பாருங்க. நீங்களும் அதே கூட்டம்தான், கோச்சுக்காதீங்க. ஆறு மாசத்துல உங்ககிட்ட இருக்கறதுலயே ஒசத்தி அந்த மூணு வாரம், அதை மூடி வச்சுட்டு ஓவல் படத்தை போட்டு பாராட்டை எதிர்பாத்தீங்க. "பாயின்ட்ல நின்னுச்சு, இதெல்லாம் பண்ணிப்பாத்தேன், கடைசியில இதுதான்"னு போட்டிருந்தா கர்வை திட்டினவர்கூட உள்ள வந்து பேசியிருப்பார், இந்த ஆளுங்களுக்கு வயரிங் கோளாறுன்னா விடவே மாட்டாங்க.

அதனால எனக்கு பதில் போடுங்க. அந்த பாயின்ட்டோட ஃப்ராக், அதாவது ரெண்டு பாதையோட தண்டவாளமும் குறுக்க வெட்டிக்கற முனை, பிளாஸ்டிக்கா, உலோகமா? பிளாஸ்டிக்னா, உங்க எஞ்சின் குட்டி எஞ்சின், எத்தனை சக்கரத்துலேருந்து கரண்ட் எடுக்குது, ஃப்ராக் மேல போகும்போது எல்லா சக்கரமும் கரண்ட் இல்லாத இடத்துல நிக்குதா? நேரா போகும்போதும் நின்னுச்சா, சைடிங்குக்கு திருப்பினா மட்டும்தானா? மெதுவா போனா நின்னு, வேகமா போனா தாண்டிச்சா? (190 கிமீல விட்டுதான் 'சரி' பண்ணீங்களோன்னு எனக்கு லேசா ஒரு சந்தேகம் இருக்கு, இல்லன்னா மன்னிச்சுக்கோங்க.) வயர் போட்டீங்களா, சக்கரம் தொடைச்சீங்களா, இல்ல ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணிட்டு எதுன்னு தெரியாம விட்டுட்டீங்களா? அப்படின்னா அதையே எழுதுங்க.

குழுவை விட்டு போறதா இருந்தா தாராளமா போங்க, இதை அங்க எழுதி வச்சுட்டு போங்க.